மைனஸ் எட்டு

எங்கள் பந்தல்கள் இடுப்புக்கு மேல் வளர்வதில்லை.
உயரப் போனால் குளிர் கொல்லும்.
மண்ணோடு ஒட்டிக் கிடந்தால்
பகலில் கல் குடித்த வெயிலை
இரவில் கொஞ்சம் கடன் கேட்கலாம்.
ஆகவே மோர்ஜேயில் திராட்சை பறிக்க
யாராக இருந்தாலும் முழங்காலிட வேண்டும்.
பாதிரியார் ஃபிர்மேன் சொல்வார்:
கோயிலில் காணாத முட்டிகளையெல்லாம்
நான் இங்கேதான் பார்க்கிறேன்.

ஐரோப்பாவின் கொடிகளைத் தின்று தீர்த்த பூச்சி
இந்த மேடு ஏறும்முன் மூச்சு வாங்கித் திரும்பிவிட்டதாம்.
எங்கள் ப்ரியே பிளான் இன்றும் சொந்த வேரில் நிற்கிறது.
சொந்த வேரில் நிற்பவர்களுக்கு வரும் திமிர்
எங்களுக்கும் உண்டு.

எனக்கும் சுல்பிஸுக்கும் வாய்க்கால் தகராறு.
பனிமலைத் தண்ணீர்
செவ்வாய் மாலை என் பக்கம்,
புதன் காலை அவன் பக்கம்.
பதினோரு வருடம் முன்னால் ஒரு புதன்கிழமை
மடைப்பலகையை மாற்றி வைக்க யாரோ மறந்துவிட்டார்கள்.
யாரோ என்றால் நான்தான்.
ஒப்புக்கொள்ளலாம் என்று நான் கிளம்பிய நேரம்
அவன் வக்கீல் வீட்டில் இருந்தான்.

ஊர் அடுப்பில் கறுப்பு ரொட்டி சுடுவது
வருடத்துக்கு ஒரே தடவை, டிசம்பரில்.
சீட்டுக் குலுக்கலில்
எங்கள் இருவர் பெயரும் அடுத்தடுத்து வந்தால்
நோயெமி சத்தமில்லாமல் மாற்றி எழுதுவாள்.
ரொட்டி பரணில் காயும். மார்ச் மாதம் அது கல்.
வெட்டுவதற்குப் பலகையில் கீல் வைத்த கத்தி வேண்டும்.
முட்டைக்கோஸ் சூப்பில் போட்டு
மேலே ஃபோந்தீனாவை உருக்கி ஊற்றினால்
அந்தக் கல்லும் இளகும்.
சுல்பிஸை எந்தச் சூப்பில் போடுவது?

இந்த வருடம் குளிர் வரவில்லை.
கடைசி இரண்டு வரிசையை உறைபனிக்கென்று விட்டிருந்தேன்.
உறைந்த பழத்தைப் பிழிந்தால்
தண்ணீர் பனிக்கட்டியாய் உள்ளேயே தங்கிவிடும்,
தேன் மட்டும் வெளியே வரும்,
ஒரு பழத்துக்கு ஒரு சொட்டு.
அதற்கு மைனஸ் எட்டு வேண்டும்.
நவம்பர் போயிற்று. குருவிகள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டன,
பிறகு என் பங்கையும்.
கிறிஸ்துமஸ் அன்று மழை பெய்தது, வெட்கமே இல்லாமல்.
என் வெப்பமானி இரண்டில் நின்றது.
நின்றே போனது.

ஜனவரி ஒன்பது, இரவு மூன்று மணி.
ஜன்னலில் தட்டல்.
நெற்றியில் விளக்கு, மீசையில் பனித்தூள், சுல்பிஸ்.
பதினோரு வருடத்துக்கு அப்புறம்
அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை: "எட்டரை."
எனக்கு மணி என்று பட்டது.
"ஒடேத், எட்டரைக்கு இறங்கிடுச்சு.
உன் கருவி செத்து மூணு நாளாச்சு,
என் சமையலறையிலிருந்து தெரியுது."

விடியும்முன் முடிக்க வேண்டும்.
பியேரினோ வந்தான், நோயெமி வந்தாள்,
அங்கி மேல் ஸ்வெட்டர் போட்டுப் பாதிரியாரும்.
குலைகள் பெட்டியில் விழும்போது கூழாங்கல் சத்தம்.
வாயைத் திறந்தால் குளிர் குடியேறிவிடும்,
யாரும் பேசவில்லை.
அடுத்த பந்தலுக்கு அடியில்
சுல்பிஸின் முட்டி நொடித்துக்கொண்டிருந்தது.

பிறகு க்ரோல்லா.
காபி, கிராப்பா, சர்க்கரை, ஆரஞ்சுத் தோல்.
தீ வைத்தால் நீலமாய் எழும்.
மரக் கோப்பைக்கு ஆறு மூக்கு, நாங்கள் ஐந்து பேர்.
காலியாகும்வரை கீழே வைக்கக் கூடாது என்பதுதான் விதி.
நான் குடித்து வலப்பக்கம் கொடுக்க வேண்டும்.
வலப்பக்கம் அவன்.
"அந்த மடைப்பலகை..." என்றேன்.
"தெரியும். ஆறுது, குடி" என்றான்.

சமாதானம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.
வழக்கு ஆவோஸ்தா நீதிமன்றத்தில் அப்படியே இருக்கிறது,
ஏப்ரலில் வாய்தா.

பிழிந்த சாறு பதினெட்டு லிட்டர்.
புளித்துத் தெளிந்து பாட்டிலுக்கு வர
அடுத்த குளிர்காலம் ஆகும்.
அவனுக்கு ஒன்று கொடுக்க வேண்டும்.
யாரிடம் கொடுத்தனுப்புவது என்று யோசிக்கிறேன்.
நானே போனால்
செவ்வாய்க்கிழமை வேண்டாம்.
புதன் காலை போகலாம்.